மாடியறை பீரோவில் ஒரு ஃபியானோ

இளங்கோ,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அடுப்பில் மீன் குழம்பு தீயுது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு நம் வீட்டில் மீனே வாங்கவில்லை. உன் அப்பாவுக்கு வயிறு சரியில்லை என்று ரசமும் சுட்ட அப்பளமும்தான். நீ கேட்டதும் வாயில் வந்ததைச் சொன்னேன். போனில் பேசினால் நான் ஒன்று அழுவேன், இல்லை உன்னைத் திட்டுவேன். சொல்ல வேண்டியது இரண்டுக்கும் நடுவில் அப்படியே நின்றுபோகும். அதனால்தான் தையல் மெஷினை மூடி அதன் மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இதை நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்காதே. லூச்சியாவுக்கு அவள் பாஷையில் படித்துக் காட்டு. அவள் தன் அப்பாவுக்கும் எடுத்துச் சொல்லட்டும். இனிமேல் அவர் எனக்குச் சம்பந்தி. நம் வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்று அவருக்கும் தெரிய வேண்டும்.

நீ கேட்டது இதுதான். தை பிறந்ததும் உனக்கும் லூச்சியாவுக்கும் இங்கே கல்யாணம். கல்யாணம் முடிந்தவுடன், இத்தாலியில் மலைச்சரிவில் இருக்கிற தன் திராட்சைத் தோட்டத்தை உன் பொறுப்பில் விட்டுவிடுகிறேன் என்கிறார் சம்பந்தி. அவருக்கு முட்டி போய்விட்டது. ஆண் பிள்ளை கிடையாது. லூச்சியா பள்ளிக்கூட டீச்சர், அவளால் கொடியோடு மல்லுக்கட்ட முடியாது. நீ எடுத்துக்கொள்ளாவிட்டால் அவர் விற்றுவிடுவார். வாங்குகிறவர்கள் அந்தப் பழைய கொடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு எதையாவது நடுவார்கள். எடுத்துக்கொண்டால் நீ அங்கேயே இருக்க வேண்டும். திராட்சைத் தோட்டத்தைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஊருக்கு வர முடியாது. நீயோ திரும்பி வந்து நம் ஊரில் ஒரு சின்ன ஹோட்டல் வைப்பேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனவன். அதையும் நீயே ஞாபகப்படுத்தி, "நீ வேணாம்னா சொல்லிடும்மா, நான் எடுத்துக்கல, வந்துடறேன்" என்றாய். சரி என்று சொன்னாலும் நான், வேண்டாம் என்று சொன்னாலும் நான். நல்ல பிள்ளை நீ. மூட்டையைத் தூக்கி அம்மா தலையில் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாய்.

இதற்கெல்லாம் காரணம் உன் மூக்குதான். சின்ன வயதில் எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்த பிறகுதான் வாயில் வைப்பாய். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாம்பாரைக் குனிந்து முகர்ந்து பார்க்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எத்தனை பேருக்குச் சமாதானம் சொல்லியிருப்பேன். என்னிடம் தைக்கக் கொடுக்கிறவர்களின் அளவு ரவிக்கை எல்லாம் ஒன்றோடொன்று கலந்து போகும். நான் முழித்துக்கொண்டு நிற்பேன். நீ ஒவ்வொன்றாக மூக்கில் வைத்து, "இது டீச்சரம்மாவுது, இது குருசுக்குப்பத்து அக்காவுது, இது சரசக்காவுது" என்று பிரித்து வைத்துவிடுவாய். ஒருநாள் சரசக்கா அதைப் பார்த்துவிட்டாள். "ஏண்டி, உம் புள்ள ஏன் என் ரவிக்கையப் போயி மோந்து பாக்குறான்?" என்று வாசலில் நின்று கத்தினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, மானமும் போயிற்று. உனக்கு முதுகில் ஒன்று வைத்தேன். அப்புறமும் நீ மெதுவாக வந்து, "அவங்க ரவிக்கையில கற்பூரம் வாசன வருதும்மா, அதான்" என்றாய். இப்போதும் சரசக்கா பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். இன்றைக்கும் அவள் துணிக்கு நடுவில் கற்பூரம் போட்டுத்தான் வைக்கிறாள்.

அப்பா மில்லுக்குப் போன காலத்தில் அவர் சட்டையில் பஞ்சும் மெஷின் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை இருக்கும். எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. எனக்குப் பிடிக்காது, உனக்கு அது இல்லாமல் தூக்கம் வராது. மில்லை மூடின பிறகு அவர் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தார். ஒருநாள் சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்ததும் நீ மடியில் ஏறிக் கழுத்தில் முகத்தை வைத்தாய். "அப்பா மேல அப்பா வாசன இல்லம்மா" என்று சொல்லி அழுதாய். அவர் உன்னைத் தட்டிக்கொண்டே இருந்தார். மில்லை மூடின அன்றைக்குக்கூட அழாத மனுஷன் அன்றைக்கு முகம் கழுவப் போய் வெகுநேரம் வரவில்லை. இந்தப் பிள்ளை பிற்பாடு மூக்கை வைத்துத்தான் பிழைக்கப் போகிறது என்று அப்போது யார் கண்டார்கள்.

ஆனால் அந்த மூக்கு ஒயினில் போய் நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. பாண்டிச்சேரிக்காரி என்று சொன்னாலே வெளியூரில் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டிச் சிரிக்கிறார்கள். திண்டிவனத்தில் இருக்கிற உன் மாமன் அக்காவைப் பார்க்க வருகிறேன் என்று வருவான், வரும்போது கையில் காலிப் பை இருக்கும், போகும்போது அது கிணுகிணுக்கும். நம் ஊரில் ஒயின்ஸ் என்று போர்டு போட்ட கடையில் ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும். என்னைப் பெற்ற அப்பா அந்த மாதிரிக் கடைகளுக்கு நடந்தே தேய்ந்தவர். கடைசியில் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில், மஞ்சள் பூத்த கண்ணோடு, என் கையைப் பிடித்துக்கொண்டு போனார். அந்தக் கையோடு வந்தவள் நான். கேட்டரிங் படித்தாய், சரி. கப்பலில் சமையல் வேலை, சரி. அங்கிருந்து இத்தாலியில் ஒரு ஹோட்டல், அதுவும் சரி. திடீரென்று ஒருநாள், "ஹோட்டல விட்டுட்டேம்மா, ஒயின் பண்ற எடத்துல சேந்துட்டேன்" என்கிறாய். நான் உன்னோடு பேசுவதையே நிறுத்தினேன். அப்பா பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்பேன், வாயைத் திறக்க மாட்டேன்.

அந்தச் சமயத்தில் உனக்குப் பெண் கேட்டு வந்தவர்களிடம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. "பையன் இத்தாலில என்னா பண்றாரு?" என்பார்கள். "பழத் தோட்டத்துல இருக்கான்" என்பேன். "என்னா பழம்?" "திராட்சை." "ஓ, ஜூஸ் கம்பெனியா?" "ஆமா, ஜூஸ் மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போய்விடுவேன். உன் அப்பா கூடத்தில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பார்.

நீ அனுப்பிய அந்த வீடியோதான் என்னை மாற்றியது. தரையெல்லாம் பனி. இலை ஒன்றுகூட இல்லாத கொடிகள் வரிசையாக நிற்கின்றன. நீ காதுவரை குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு கத்தரிக்கோலால் ஒவ்வொரு கொடியாகக் குனிந்து கழித்துக்கொண்டு போகிறாய். விரல் முட்டியெல்லாம் வெடித்து ரத்தம் தெரிகிறது. நீ எங்கே பாட்டிலோடும் கிளாஸோடும் நிற்கிறாயோ என்று நினைத்திருந்தேன். அப்பா பார்த்துவிட்டு, "இது வெவசாயம் புள்ள. எங்க அப்பாரு பாகூருல கரும்பு வெட்டுன கதைதான். அங்க வெயிலு, இங்க குளுரு" என்றார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே உனக்குப் போன் போட்டேன். இத்தனை நாள் பேசாததற்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "கைக்குத் தேங்காண்ண தடவுடா" என்றேன். நீ அந்தப் பக்கம் சிரித்தாயா அழுதாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் அந்தத் திராட்சையைப் பற்றி நீ சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டேன். துணிக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்பேன். ஃபியானோ என்று பெயர். ரோமாபுரி ராஜாக்கள் காலத்திலேயே இருந்ததாகச் சொல்கிறார்கள் என்றாய். பழம் சின்னது, தோல் தடிமன், கொத்தும் சிறுசு. மற்றக் கொடி கூடை நிறையக் கொடுத்தால் இது அரைக் கூடைக்கே அழும். அது பழுக்கிற நாளில் தேனீ வந்து மொய்க்கும், அந்த வாசனை அதற்கு அவ்வளவு பிடிக்கும் என்றாய். சண்டையும் பஞ்சமும் வந்த காலத்தில் அந்த மலையில் இருந்தவர்கள் வயிற்றுக்குப் பத்தாமல் ஃபியானோவைப் பிடுங்கிவிட்டு அதிகம் காய்க்கிற கொடியை நட்டார்களாம். நிறையப் பேர் ஊரையே விட்டுப் போய்விட்டார்களாம். சம்பந்தியின் அப்பா மட்டும் பிடிவாதமாகப் பிடுங்கவில்லையாம். வீட்டில் பெண்டாட்டி திட்டியும் கேட்கவில்லையாம். அந்தப் பெண்டாட்டியை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. அரைக் கூடைப் பழத்தை வைத்துக்கொண்டு அவள் எப்படி உலை வைத்தாளோ.

அதிலிருந்து எடுக்கிற ஒயின் புதிதில் வைக்கோல் நிறத்தில் இருக்கும், பூ வாசனை அடிக்கும் என்றாய். நாளாக ஆக வறுத்த கொட்டை வாசனை வரும். அது என்ன கொட்டை என்று கேட்டேன். நம் ஊரில் அது கிடையாது, வேர்க்கடலையையும் பாதாமையும் ஒன்றாக வறுத்தால் வருகிற மாதிரி என்றாய். அப்புறம் தேன் வாசனை, அதற்கும் பிறகு லேசாகப் புகை. வெள்ளை ஒயின் பெரும்பாலும் சீக்கிரம் குடித்துவிட வேண்டியது, இது அப்படி இல்லை, "வெச்சா வெச்ச அளவுக்கு நல்லாகும்மா" என்றாய். நீ சொன்னதிலேயே அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வைத்திருப்பதென்றால் எனக்கு நன்றாகத் தெரியும். புளி வைப்பேன், ஊறுகாய் வைப்பேன், நீ முதல் தடவை அனுப்பிய சென்ட்டைத் திறக்காமல் வைத்திருக்கிறேன். சாக்லேட்டை வைத்திருந்து எறும்புக்குக் கொடுத்தேன். நம் தெருவில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பின எந்த வீட்டு பீரோவைத் திறந்தாலும் இப்படித்தான் இருக்கும். வந்ததை அனுபவித்தால் தீர்ந்துபோகும், வைத்திருந்தால் பிள்ளை பக்கத்தில் இருக்கிற மாதிரி.

உன் கையாலேயே எடுத்த முதல் ஒயின் என்று இரண்டு பாட்டில் வந்தது. தோட்டத்துக் கீழ் ஓரத்தில் கொஞ்சம் வரிசையை உன்னிடம் விட்டு, உன் இஷ்டப்படி பண்ணு என்று சம்பந்தி சொன்னாராமே, அதில் எடுத்தது. அப்போது அவர் உனக்கு முதலாளிதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா வீட்டுப் பையன் லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான். அப்பா இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தீர்ப்பு மாதிரிச் சொன்னார்: "மொதல் வெள்ளாம. ஒண்ணு முனீஸ்வரனுக்கு." முதல் சம்பளமும் முதல் கதிரும் குலதெய்வத்துக்குப் போகும்போது முதல் ஒயின் போகக் கூடாதா? அதுவும் நம் சாமிக்கு அது ஆகாத சாமானும் இல்லையே. வருஷா வருஷம் சுருட்டும் கருவாட்டுக் குழம்பும் குவார்ட்டர் பிராந்தியும் வைத்துத்தானே படையல் போடுகிறோம்.

பாகூரைத் தாண்டிக் கோயிலுக்கு ஆட்டோவிலேயே போனோம். பூசாரி உன் சித்தப்பா பாட்டிலை வாங்கித் திருகித் திருகிப் பார்த்தார். "இதுக்கு மூடியே திரும்பலையே அண்ணி" என்றார். தக்கை என்று ஒன்று இருக்கும், அதைப் பிடுங்க ஒரு திருகாணி வேண்டும் என்பதெல்லாம் எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் சவுக்குக் குச்சி ஒன்றை ஒடித்துத் தக்கையை உள்ளே தள்ளினார். ஒயின் பீய்ச்சி அவர் மீசையில் அடித்தது. மீசையை நக்கிப் பார்த்துவிட்டு, "என்னா அண்ணி, பூ வாசன வருது? பூதான் தனியா வெச்சிருக்கமே" என்றார். முனீஸ்வரன் காலைச் சுற்றி ஊற்றி, மீதியை ஆண்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். "ஒண்ணும் ஏறல. ஆனா நல்லாருக்கு, நாக்குலயே நிக்குது" என்றார் சித்தப்பா. ஊற்றின ஈர மண்ணில் கொஞ்ச நேரத்தில் ஏதோ வந்து உட்கார்ந்தது. நான் தேனீ என்றேன். அப்பா ஈ என்றார். திரும்பி வரும்போது அதற்குச் சண்டை போட்டுக்கொண்டே வந்தோம். அரியாங்குப்பம் பாலம் தாண்டினதும் அவர் ஆட்டோவின் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "பய நல்லாத்தான் பண்ணியிருக்கான்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு அவ்வளவு தூரம் ஆயிற்று.

இரண்டாவது பாட்டிலை நான் வைத்துக்கொண்டேன். நீ திரும்பி வருகிற அன்றைக்குத் திறக்கலாம் என்று என் கூறைப் புடவையில் சுற்றி மாடியறை பீரோவில் வைத்தேன். அந்த மாடியறையை உனக்காகத்தான் கட்டினோம். நீ வந்து, கல்யாணம் பண்ணிக்கொண்டு, மேலே குடியிருக்க வேண்டும் என்று ஜன்னல் கதவுகூட உனக்குப் பிடித்த நீலத்தில் அடித்தோம். பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும் என்று நீ போனில் கத்தினாய். படுக்க வைத்தால் ஒழுகிப் பட்டுப்புடவை பாழாகும் என்று நிமிர்த்தித்தான் வைத்தேன். "நம்ம ஊரு சூடு தாங்காதும்மா, குடிச்சிடுங்க, நான் வேற கொண்டாரேன்" என்றும் சொன்னாய். வைத்தால் நல்லாகும் என்று சொன்னதும் நீ, தாங்காது என்று சொன்னதும் நீ. எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டேன். மொட்டை மாடித் தளத்துக்குக் கீழே, இரும்பு பீரோவுக்குள், கத்திரி வெயில் மேல் கத்திரி வெயிலாக அந்தப் பாட்டில் நின்றது. நடுவில் சரசக்கா பலதடவை கேட்டுவிட்டாள். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஒரு நர்ஸ் பெண், விழுப்புரம் பக்கத்துக்காரி, பஸ்ஸில் வந்து போய்ச் சாகிறாள், மேலே சும்மாதானே இருக்கிறது, வாடகைக்கு விடேன் என்று. "எம் புள்ள வருவான்க்கா" என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு ஒருமுறை மேலே போய்ப் பெருக்குவேன். பீரோவைத் திறந்து புடவையை விலக்கிப் பார்ப்பேன். பாட்டில் இருக்கும். நீ வரப்போகிறாய் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வருவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் கேள்விக்கு முன்னால், லூச்சியா தன் அப்பாவைப் போனில் காட்டினாளே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உன் அப்பா பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை எடுத்துவிட்டார். "போன்ழூர் மொசியே" என்றார். சம்பந்தி இத்தாலியத்தில் என்னவோ சொன்னார். இரண்டு பேரும் ஒன்றும் புரியாமல் கையை ஆட்டி ஆட்டி நன்றாகப் பேசிக்கொண்டார்கள். அப்புறம் சம்பந்தி போனை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டித் தோட்டத்துக்குள் போய், மரம் மாதிரி முறுக்கிக்கொண்டிருந்த ஒரு கிழட்டுக் கொடியைக் காட்டினார். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உன் பெயரைச் சொன்னார். இளங்கோ என்று வாய் வராமல் இலாங்கோ என்றார். எனக்கு அப்போது எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். பொறாமையாக இருந்தது. இந்த ஆளுக்கு உலகத்தில் என் பிள்ளைதான் கிடைத்தானா என்று வயிறு எரிந்தது. எனக்கும் முட்டி வலிக்கிறது, எனக்கும் ஒரே பிள்ளை, எனக்கும் மாடி ஏற முடியவில்லை என்று அந்த மனுஷனிடம் இத்தாலியத்தில் சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகுதான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய், நான் மீன் குழம்பு தீயுது என்றேன்.

மறுநாள் மத்தியானம் அப்பா சவாரிக்குப் போகவில்லை. சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனவர் பாட்டிலோடு இறங்கி வந்தார். என் கூறைப் புடவை தோளில் கிடந்தது. "என்னாங்க பண்றீங்க?" என்றேன். "அவன் வந்தா தொறக்கறதுன்னுதான வெச்ச? வருவானா மாட்டானான்னு இப்ப நீதான் சொல்லணும். இது என்னா ஆயிருக்குன்னு பாத்துட்டுச் சொல்லு" என்றார். நான் தடுக்கவில்லை. இந்தத் தடவையும் திருகாணி கிடையாது. ஆட்டோ டூல்ஸ் பையிலிருந்து ஒரு நீளமான ஸ்க்ரூவை எடுத்துத் தக்கையில் இறக்கி, கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தார். தக்கை காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. கிளாஸில் ஊற்றினார். வைக்கோல் நிறம் என்றாயே, இது டிக்காஷன் நிறத்தில் இருந்தது. நான் கிளாஸைக் கையில் வாங்கி உன்னை மாதிரியே குனிந்து முகர்ந்து பார்த்தேன். பூவும் இல்லை, தேனும் இல்லை. கருகின வெல்லமும் நனைந்த அட்டைப் பெட்டியும் கலந்த ஒரு வாடை. அப்பா ஒரு வாய் குடித்தார். துப்பவில்லை, நீ பண்ணினது என்று விழுங்கிவிட்டார்.

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "சாமிக்குக் குடுத்தது நல்லா இருந்துச்சி. நமக்குன்னு வெச்சதுதான் போச்சி" என்றார். என்னைக் குத்திக் காட்ட அவர் அப்படிச் சொல்லவில்லை. அவர் பார்த்ததைச் சொன்னார். ஆனால் நான் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். ஒரு பாட்டில் கெட்டுப்போனதற்கு இவ்வளவு அழுகையா என்று நீ நினைக்கலாம். உன் விரல் வெடித்து வந்த பழம் அது. அந்த மலையில், குளிர்ந்த ஒரு நிலவறையில் படுத்துக் கிடந்திருந்தால் இந்நேரம் தேன் வாசனை வந்திருக்கும். நான் பாசமாகப் பட்டில் சுற்றி, சூட்டில் நிற்க வைத்துக் கொன்றேன். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மில்லில் இருந்த தறியெல்லாம் லாரியில் ஏறிப் போனதைக் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்ததைச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அதை என்னிடம் அவர் சொன்னதே இல்லை. "அந்த ஆளும் தன் கொடிய வேரோட புடுங்கறத நின்னு பாக்க வேணாம் புள்ள" என்றார்.

அதனால் இளங்கோ, நீ கேட்டதற்கு என் பதில்: எடுத்துக்கொள். சந்தோஷமாகச் சொல்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்கு இது வலிக்கிறது, இன்னும் ரொம்ப நாள் வலிக்கும். கல்யாணத்துக்குப் பிறகு வருகிற பொங்கலுக்கு யாராவது என்னிடம் பையன் எப்போது வருகிறான் என்று கேட்டால் எரிந்து விழுவேன். ஆனால் நீ எனக்குக் கொடுத்த வாக்கை நானே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், இனி அதை நினைத்துக்கொண்டு நீ தூக்கம் கெட வேண்டாம். அம்மா வேண்டாம் என்றாள் என்பதற்காக வந்து, இங்கே ஒரு ஹோட்டல் வைத்து, மத்தியான வெயிலில் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு அந்த மலையையே முகர்ந்துகொண்டிருக்கிற பிள்ளை எனக்கு வேண்டாம். அப்படி ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டேன், போதும்.

சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நிலம் கைக்கு வந்ததும் மாமனாரை ஓரம் கட்டாதே. கொடியைப் பற்றி உனக்கு அவரைவிட அதிகம் தெரிந்த நாளிலும் அவரிடம் ஒரு வார்த்தை கேள். லூச்சியாவோடு சண்டை வந்தால் அவள் பாஷையிலேயே போடு. தமிழில் முணுமுணுத்தால் அவள் பாவம் எதற்கு என்று தெரியாமலே கோபப்படுவாள். அவள் வைக்கிற ரசத்தை முகர்ந்து பார்க்காமல் குடி. உன் மூக்கை என்னால்தான் பொறுக்க முடியும். அப்பாவுக்குத் தனியாகப் போன் பண்ணு. என் போனில் நீ பேசும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிறார், அது பேச்சு இல்லை. குளிர் காலத்தில் கைக்குத் தேங்காயெண்ணெய். அது உறைந்துபோகும் என்று சாக்குச் சொல்லாதே, அடுப்புப் பக்கத்தில் வை.

கல்யாணத்துக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் பீச் ரோட்டுக்குப் பக்கத்தில் லாட்ஜ் பார்த்தாயிற்று. சம்பந்தி மாடி ஏற முடியாதவர் என்பதால் அவருக்குக் கீழ் அறையாகச் சொல்லியிருக்கிறார் அப்பா. முனீஸ்வரன் கோயிலுக்கும் அவரை அழைத்துக்கொண்டு போவோம். உன் சித்தப்பாவிடம் திருகாணி ஒன்று வாங்கி வைக்கச் சொல்லிவிட்டேன். ஈயா தேனீயா என்று சம்பந்தியே பார்த்துச் சொல்லட்டும், அவருக்குத்தான் தெரியும்.

நேற்று சரசக்காவைக் கூப்பிட்டு அந்த நர்ஸ் பெண்ணை வரச் சொன்னேன். ட்யூட்டி முடிந்து அப்படியே வந்தாள், நல்ல பெண். பீரோவை ஒழித்துக் கொடுத்துவிட்டேன், நீல ஜன்னலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். மாடியறைச் சாவி இப்போது அவளிடம் இருக்கிறது. நீயும் லூச்சியாவும் வந்தால் கீழே எங்கள் அறையில் படுத்துக்கொள்ளுங்கள், நானும் அப்பாவும் கூடத்தில் பாய் போட்டுக்கொள்கிறோம். வரும்போது ஒரு பாட்டில் கொண்டு வா. என் அப்பா குடித்தது வேறு, நீ பண்ணுவது வேறு என்று எனக்குத் தெரிந்துவிட்டது, நானும் ஒரு வாய் குடித்துப் பார்க்கிறேன். எடுத்து வைக்க மாட்டேன். வந்த அன்றைக்கே திறந்துவிடலாம்.

அம்மா